வீட்டிலேயே பின்னலாம் உல்லன் பூட்ஸ்

நெய்வேலியை ஒட்டிய மந்தாரக்குப்பத்து வெயிலுக்கு உல்லன் பூட்ஸ் எதற்கு என்று தோன்றலாம். மார்கழி, தை மாதங்களில் விடியற்காலையில் எழுந்து மொசைக் தரையில் நடமாடும் பெரியவர்களைக் கேளுங்கள், சொல்வார்கள். நைட் ஷிப்ட் முடிந்து வந்து பகலில் தூங்குகிறவர்களுக்கும், ஏசி அறையில் கால் சில்லிட்டுப் போகிறவர்களுக்கும் கணுக்கால் வரை மூடும் மெத்தென்ற பூட்ஸ் பெரிய சுகம். குரோஷா ஊசியில் சங்கிலி போடத் தெரிந்தால் போதும், மற்றதைப் படிப்படியாகக் கற்றுக்கொள்ளலாம்.

1. செருப்பு நம்பரை வைத்துப் பின்னாதீர்கள். செய்தித்தாளை விரித்து, அதன்மேல் நின்ற நிலையில் இரண்டு பாதங்களையும் வரைந்துகொள்ளுங்கள். உட்கார்ந்து வரைந்தால் அளவு குறையும். மாலையில் கால் சற்று வீங்கியிருக்கும் என்பதால் அப்போது எடுக்கும் அளவே நல்லது. பலருக்கு இரண்டு பாதமும் ஒரே அளவாக இருக்காது, பெரியதை வைத்துக்கொள்ளுங்கள். நீளம், விரல்களுக்குக் கீழே அகலம், கணுக்கால் சுற்றளவு ஆகியவற்றோடு குதிகாலையும் மேல்பாதத்தையும் சேர்த்துச் சாய்வாகச் சுற்றிய அளவும் வேண்டும். இந்த நான்காவது அளவைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். அது இல்லாவிட்டால் பூட்ஸுக்குள் குதிகால் நுழையாது.

2. பேன்சி ஸ்டோரில் உல்லன் நூல் என்று கேட்டால் பெரும்பாலும் அக்ரிலிக் நூலைத்தான் கொடுப்பார்கள். நம் ஊருக்கு அது போதும். துவைக்க எளிது, பூச்சி அரிக்காது. கால் வியர்க்கிறவர்களுக்குப் பருத்தி நூலே மேல். ஆனால் பருத்தி ஒருமுறை தொங்கிவிட்டால் பழைய அளவுக்குத் திரும்பாது. ஒரு ஜோடிக்கு வேண்டிய நூலை ஒரே தடவையில் வாங்கிவிடுங்கள். அதே நிறம்தான் என்று பிறகு வாங்கினால் சாயம் சற்று மாறியிருக்கும்.

3. அடிப்பாகத்துக்கு இரண்டு இழை சேர்த்துப் பின்னுங்கள். ஒற்றை இழையில் பின்னிய அடி சீக்கிரமே தேய்ந்து ஓட்டை விழும். இரட்டை இழைக்கு 5 மி.மீ. ஊசியில் தொடங்கிப் பாருங்கள். துணி பலகைபோல் விறைத்தால் ஊசியைப் பெரிதாக்குங்கள். விரல் நுழையும் அளவுக்குச் சந்து தெரிந்தால் சிறியதாக்குங்கள்.

4. யூடியூப் பார்த்துப் பின்னுகிறவர்கள் கவனிக்க: அமெரிக்கர்கள் சிங்கிள் என்று சொல்லும் அதே தையலைத்தான் பிரிட்டன்காரர்கள் டபுள் என்கிறார்கள். யாருடைய வழக்கு என்று தெரியாமல் பின்னினால் பூட்ஸ் உயரமே மாறிப்போகும். நான் இங்கே சிங்கிள் என்று சொல்வது, ஊசியில் கூடுதலாக நூலைச் சுற்றாமல் போடும் குட்டைத் தையலை.

5. அடிப்பாகம்தான் வேலையின் பாதி. எத்தனை சங்கிலி போடுவது என்று குழம்ப வேண்டாம். அடியின் நீளத்திலிருந்து அகலத்தைக் கழித்தால் சங்கிலியின் நீளம் கிடைத்துவிடும். அடி 22 செ.மீ. நீளம், 8 செ.மீ. அகலம் என்றால் 14 செ.மீ.க்குச் சங்கிலி போடுங்கள். அதன் ஒரு பக்கம் சிங்கிளாகப் பின்னிக்கொண்டே போய், முனையில் திரும்பி மறுபக்கமும் பின்னி வாருங்கள். ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முனைகளிலும் மும்மூன்று தையல்கள் கூட்டுங்கள். ஓரம் கிண்ணம்போல் மேலே எழும்பினால் கூட்டியது போதவில்லை. அலையலையாக நெளிந்தால் அதிகமாகிவிட்டது. விரல் பக்கம் அகலம் வேண்டும் அல்லவா? அந்தப் பாதியில் மட்டும் ஒரு சுற்று உயரமான தையல் போட்டால் போதும். அக்ரிலிக் இழுபடும் என்பதால் அடி, பாதத்தைவிட 1 செ.மீ. குறைவாக இருக்கட்டும். அப்போதுதான் கால் உள்ளே வழுக்கி ஓடாது.

6. அடி முடிந்ததும் அடுத்த சுற்றில் தையலின் பின்கண்ணியில் மட்டும் ஊசியை விட்டுப் பின்னுங்கள். ஓரம் மடிந்து சுவர் தானாக எழும்பும். நாலைந்து சுற்று கூட்டாமல் குறைக்காமல் போங்கள். பிறகு விரல் பக்கத்து வளைவில் மட்டும் ஒவ்வொரு சுற்றிலும் நாலு தையல் குறைத்து வந்தால் மேல்பாதம் மூடிக்கொள்ளும். இடையிடையே காலை நுழைத்துப் பாருங்கள். எண்ணிக்கையைவிடக் கால் சொல்வதே சரி.

7. கணுக்கால் வாய் இழுத்தால் விரிய வேண்டும். முதல் குறிப்பில் சொன்ன நான்காவது அளவுவரை அது விரிகிறதா என்று பார்த்துவிட்டு மேலே 8 முதல் 10 செ.மீ. உயரம் பின்னுங்கள். கடைசிச் சுற்றுக்கு ஒரு அளவு பெரிய ஊசி எடுத்தால் வாய் இறுகாது. எலாஸ்டிக் வேண்டவே வேண்டாம், காலில் தடம் பதியும்.

8. இந்தக் குறிப்பை மட்டும் யாரும் தாண்டிப் போகக் கூடாது. வெறும் உல்லன் அடி, மொசைக்கிலும் டைல்ஸிலும் வழுக்கும். பாட்டிக்குப் பாசமாகப் பின்னிக் கொடுத்தது இடுப்பெலும்பு முறிவில் போய் முடியலாம். சைக்கிள் கடையில் பழைய டியூப் கேட்டு வாங்கி, சோப்புப் போட்டுக் கழுவிக் காயவைத்து, முன்பாதத்துக்கு ஒன்றும் குதிகாலுக்கு ஒன்றுமாக வெட்டிக்கொள்ளுங்கள். ஓரத்தில் அரை செ.மீ. இடைவெளியில் துளையிட்டு, கெட்டியான நைலான் நூலால் அடியில் தைத்துவிடுங்கள். தேய்ந்த ஹவாய் செருப்பின் அடியையும் இப்படியே பயன்படுத்தலாம், அதன் மேற்பரப்பு வழவழப்பாகிவிடாமல் இருந்தால். கம்பளிக்கு ரப்பர் அடியா என்று யோசிக்க வேண்டாம். நம் நெய்வேலியில் 1962-ல் மின் உற்பத்தி தொடங்கிய முதல் அனல்மின் நிலையம் சோவியத் உதவியோடு கட்டப்பட்டது. அதற்கு உதவிய ரஷ்யர்களின் ஊரில் குளிர்காலத்துக்குப் போடும் வாலென்கி என்ற கம்பளி பூட்ஸுக்கும், நனையாமல் இருக்க மேலே ரப்பர் உறை மாட்டுவார்கள். கம்பளிக்குத் துணையாக ரப்பர் என்பது அங்கேயே பழகிய வழிதான்.

9. சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குப் பின்னும்போது உள்ளே ஒரு முடிச்சுகூட இருக்கக் கூடாது. காலில் உணர்ச்சி குறைந்தவர்களுக்கு அது உறுத்துவது தெரியாது, புண்ணான பிறகுதான் தெரியும். நூல் முனைகளை வெளிப்பக்கமே இழுத்து மறையுங்கள். உள்ளே வெள்ளை அல்லது சந்தன நிறத்தில் பருத்தித் துணியால் ஓர் அடி வைத்துத் தைத்தால் கசிவோ ரத்தமோ இருந்தால் உடனே கண்ணில் படும். வெளிப்பக்கத்துக்கு இங்குள்ள தூசியில் வெள்ளை தாங்காது. மரூன், கரும்பச்சை, சாம்பல் நிறங்கள் நல்லது.

10. போட்டுக்கொண்டு அடுப்படியில் நிற்க வேண்டாம். அக்ரிலிக் தீ பட்டால் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். ஈரமான பாத்ரூமுக்கும் கூடாது. இஸ்திரிப் பெட்டியையும் அதன்மேல் வைக்காதீர்கள்.

11. துவைத்ததும் முறுக்கிப் பிழியாதீர்கள். துண்டில் சுருட்டி அழுத்தினால் தண்ணீர் இறங்கிவிடும். உள்ளே செய்தித்தாளைத் திணித்து நிழலில் படுக்கவைத்துக் காயவிடுங்கள். கொடியில் தொங்கவிட்டால் நீண்டுவிடும். சுத்தக் கம்பளி நூலாக இருந்தால் பங்குனி பிறந்ததும் நன்றாக உலர்த்தி, துணியில் முடிந்த வசம்போடு பெட்டியில் வையுங்கள்.

12. விற்க நினைக்கிறவர்கள் கூலியைக் குறைத்துச் சொல்லாதீர்கள். குரோஷாவைப் பெருமளவில் பின்னித் தள்ளும் இயந்திரம் இன்றும் புழக்கத்தில் இல்லை. கடையில் இருப்பதும் யாரோ ஒருத்தி கையால் பின்னியதுதான். சென்னையில் 2016 ஜனவரி 31 அன்று, மதர் இந்தியாஸ் குரோஷே குயின்ஸ் என்ற குழு 11,148.5 சதுர மீட்டர் குரோஷாப் போர்வையைச் சேர்த்து வைத்து கின்னஸ் சாதனை படைத்தது. அத்தனையும் வீடுகளில் பின்னிய துண்டுகள். நூல் விலையைத் தனியாகவும், பின்னிய மணிநேரத்தைத் தனியாகவும் எழுதி வையுங்கள்.

13. கனடாவிலோ டெல்லியிலோ இருக்கும் பிள்ளைக்கு அனுப்புவதாக இருந்தால், பாதம் வரைந்த தாளின் மேல் ஸ்கேலை வைத்துப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். அங்கே உள்ளே சாக்ஸும் போடுவார்கள். அதனால் ஐந்தாவது குறிப்பில் சொன்னபடி 1 செ.மீ. குறைக்காமல் சரியான நீளத்துக்கே பின்னுங்கள். மிச்ச நூலில் ஒரு சிறு உருண்டையும் பார்சலில் சேர்த்து வைத்தால், தேய்ந்த இடத்தை அவர்களே ஒட்டுப் பின்னிக்கொள்வார்கள்.