சல்லடையைச் சேமித்து வைப்போம்

கணினிப் பாடம்



“பதிவேடெல்லாம் ஒழுங்காத்தானே எழுதுறோம், இதுல கம்ப்யூட்டர் பாடம் எதுக்குங்க?” என்று சில அக்காமார் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் நாம் குழுவில் எழுதுகிற கணக்கு கூட்டமைப்புக்குப் போனதும் கம்ப்யூட்டரில் ஏறுகிறது. யாருக்குத் தவணை பாக்கி, யாருக்கு அவசரக் கடன் தேவை என்ற பட்டியல் அங்கிருந்துதான் வருகிறது. அதில் நம் பெயர் விட்டுப்போனால் கேட்பதற்கு நமக்கு விவரம் தெரிய வேண்டாமா?

பட்டியல் எடுக்கும் வேலைக்கு ஃபில்டர், அதாவது வடிகட்டி என்று பெயர். நம் கடற்கரைக்கு இது புதுசு இல்லை. மன்னார் வளைகுடாவில் முத்துக்குளிப்பு நடந்த காலத்தில் முத்துக்களைப் பெரிது சிறிதாகப் பிரிக்க 10 பித்தளைச் சல்லடைகள் வைத்திருந்தார்கள். எல்லாம் ஒரே அகலம். முதல் சல்லடையில் 20 ஓட்டை, அடுத்ததில் 30, அப்புறம் 50, 80 என்று போய் கடைசிச் சல்லடையில் 1000 ஓட்டை. ஓட்டை கூடக்கூட அதன் அளவு சிறுக்கும். 20 ஓட்டைச் சல்லடையில் தங்கியது பெரிய முத்து. ஒவ்வொரு குளிப்புக்கும் புதுச் சல்லடை செய்யவில்லை, இருந்ததையே எடுத்துச் சலித்தார்கள். தூத்துக்குடியில் கடைசி முத்துக்குளிப்பு 1961-ல் நடந்தது. அந்தச் சல்லடை போலத்தான் சேமித்து வைத்த ஃபில்டரும். ஒரு தடவை செய்து பெயர் வைத்தால், மாதாமாதம் புதுக் கணக்கை அதிலேயே சலிக்கலாம்.

கூகுள் ஷீட்ஸில் செய்வது எப்படி என்று பார்ப்போம். காசு கட்டாமல் கிடைப்பது என்பதால் அதை எடுத்துக்கொள்கிறோம். ஊர், குழு, உறுப்பினர் பெயர், தொழில், கடன் தொகை, தவணை தேதி, பாக்கி என்று தலைப்புகள் போட்ட பட்டியல் இருக்கிறது என்று வைத்துக்குங்க. மேலே ‘டேட்டா’ என்பதை அழுத்தி, ‘கிரியேட் ஃபில்டர் வியூ’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். ஒவ்வொரு தலைப்புக்குப் பக்கத்திலும் சின்னக் குறி வரும். ‘பாக்கி’ தலைப்பில் அதை அழுத்தி, நிபந்தனையாக ‘0-ஐ விட அதிகம்’ என்று கொடுங்கள். ‘தவணை தேதி’யில் ‘இன்றைக்கு முன்’ என்று கொடுங்கள். தவணை தவறிய கணக்குகள் மட்டும் திரையில் நிற்கும். இதற்கு ஒரு பெயர் வைத்துச் சேமித்தால் முடிந்தது. இப்படிச் சேமிப்பதில் இன்னொரு வசதியும் உண்டு. நீங்கள் வடிகட்டிப் பார்க்கும்போது, அதே பட்டியலைத் திறந்து வைத்திருக்கும் மற்றவர் திரை மாறாது.

தேதி விஷயத்தில் கவனம் வேணும். ‘இன்று’ என்று கொடுப்பதற்குப் பதிலாக மார்ச் 31 என்று எழுதிச் சேமித்தால், ஆகஸ்டில் திறந்தாலும் அது மார்ச் 31-க்கு முந்தின பாக்கியைத்தான் காட்டும். ஏப்ரலில் இருந்து தவறிய தவணை ஒன்றும் தெரியாது. “இந்த மாசம் பாக்கி குறைஞ்சிருக்கே” என்று சந்தோஷப்பட்டுக்கொண்டு இருப்போம். வங்கிக் கடனில் தவணை 90 நாளுக்கு மேல் நின்றால் அது வாராக்கடன் பட்டியலுக்குப் போய்விடும். பிறகு அடுத்த கடன் கேட்கும்போது குழு முழுவதும் பதில் சொல்ல வேண்டி வரும். பெயர் வைக்கும்போதும் ‘புதுசு’, ‘லிஸ்ட் 2’ என்று வைக்காமல், ‘இன்று வரை தவணை தவறியவை’ என்று விவரமாக வையுங்கள். வேறு ஒருவர் வேலைக்கு வந்தாலும் புரியும்.

இனி நம் ஊர் விஷயம். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். 2017-க்கு முன் அது 45 நாளாக இருந்தது. தடை விசைப்படகுகளுக்குத்தான். வள்ளம், பைபர் படகில் போகிறவர்களுக்கு இல்லை. தடைக்காலத்தில் வருமானம் நிற்கிற குடும்பங்களுக்கு முன்கூட்டியே உள்கடன் ஏற்பாடு செய்யலாம் என்று கூட்டமைப்பு முடிவு செய்கிறது. ‘தொழில்’ தலைப்பில் ‘விசைப்படகு’ என்று வடிகட்டினால் போதுமா?

போதாது. விசைப்படகு மீனை வாங்கிக் கருவாடு போடும் அக்காவுக்கும் அந்த 61 நாள் பிழைப்பு இல்லை. ஏலக்கூடத்தில் கூடை சுமப்பவருக்கும் இல்லை. அவர்கள் தொழில் ‘கருவாடு’ என்றோ ‘கூலி’ என்றோ எழுதியிருக்கும். கணவரை இழந்த ஒரு சகோதரிக்கு அந்தக் கட்டமே காலியாக இருக்கலாம். காலிக் கட்டம் இருக்கிறவர் எந்தத் தொழிலைக் கொடுத்துச் சலித்தாலும் நிற்க மாட்டார். உதவி அதிகம் தேவைப்படுகிறவர்தான் பெரும்பாலும் இப்படி விட்டுப்போகிறார்.

‘தடைக்கால பாதிப்பு’ என்று தனியாக ஒரு தலைப்பு சேர்த்து, ஒவ்வொருவருக்கும் ‘ஆம்’ அல்லது ‘இல்லை’ என்று எழுதுவதுதான் நல்ல வழி என்பது எங்கள் கருத்து. அதை அலுவலகத்தில் உட்கார்ந்து கணக்காளர் நிரப்பக் கூடாது. குழுக் கூட்டத்தில் கேட்டு எழுத வேண்டும். பக்கத்து வீட்டு நிலைமை குழுவுக்குத்தானே தெரியும்! ‘ஆம்’ என்று சலித்துச் சேமித்த பிறகு, ‘காலி’ என்று சலிக்கும் இன்னொரு ஃபில்டரையும் சேமித்து வையுங்கள். அதில் ஒரு பெயர்கூட நிற்கக் கூடாது. நின்றால் அந்தக் குழுவுக்குப் போன் போட்டுக் கேளுங்கள்.

ஊர்ப் பெயரிலும் இதே தொல்லை. ‘தாளமுத்துநகர்’, ‘தாளமுத்து நகர்’ இரண்டும் நமக்கு ஒன்று, கம்ப்யூட்டருக்கு வேறு வேறு. புன்னைக்காயலைப் புன்னக்காயல் என்று எழுதினாலும் அப்படித்தான். டைப் பண்ணாமல், பட்டியலில் இருந்து ஊரைத் தேர்ந்தெடுக்கிற மாதிரி ‘டிராப்டவுன்’ வைத்துவிட்டால் இந்தப் பிழை வராது.

கூட்டல் பற்றியும் சொல்ல வேண்டும். வடிகட்டும்போது வரிகள் மறைகின்றன, அழிவதில்லை. கீழே ‘சம்’ போட்டு வைத்த மொத்தத்தில் மறைந்த வரிகளின் தொகையும் சேர்ந்தே இருக்கும். திரையில் 12 பேர் தெரிய, அடியில் 300 பேரின் மொத்தம் நிற்கும். அதை அப்படியே அறிக்கையில் எழுதினால் என்ன ஆகும்? தெரிகிற தொகைகளை மட்டும் மௌஸால் இழுத்துத் தேர்ந்தெடுங்கள், திரையின் அடியில் வலது மூலையில் கூட்டல் வரும். முதல் தடவை கையாலும் கூட்டிச் சரிபாருங்கள்.

வரிகள் மறைந்துதான் இருக்கின்றன என்பதால் இன்னொரு எச்சரிக்கை. “எங்க ஊர் லிஸ்ட் மட்டும் அனுப்புங்க தங்கச்சி” என்று ஒருவர் கேட்டதும், வடிகட்டிய பட்டியலின் லிங்க்கை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடாதீர்கள். ஃபில்டரை எடுத்துவிட்டால் எல்லா ஊர்க்காரர்களின் கடனும், வங்கிக் கணக்கு எண்ணும் அவருக்குத் தெரிந்துவிடும். தேவையான வரிகளை மட்டும் வேறு தாளில் நகலெடுத்து அனுப்புங்கள்.

வருஷம் ஒரு தடவை, மார்ச் மாதக் கூட்டத்துக்கு முன்பு, சேமித்த ஃபில்டர்களை ஒவ்வொன்றாகத் திறந்து பாருங்கள். தேவையில்லாததை நீக்கலாம், நீக்கினால் கணக்கு ஒன்றும் போகாது. ‘தடைக்கால பாதிப்பு’ ஃபில்டரை மட்டும் வைத்துக்கொண்டு, உள்ளே இருக்கிற ‘ஆம்’, ‘இல்லை’யைக் குழுக்களிடம் புதிதாகக் கேட்டு வாங்குங்கள். போன வருஷம் வள்ளத்தில் போனவர் இந்த வருஷம் விசைப்படகுக்கு மாறியிருப்பார்.