ரன்வேயில் ஓட்டிப் பழகலாமா?

கேள்வி: டெக்சாஸில் வேலை பார்க்கிறேன். ஆர்வி-9ஏ கிட் வாங்கி, வீட்டு கராஜிலேயே விமானத்தைக் கட்டி முடித்துவிட்டேன். புது எஞ்சின், கிளீவ்லேண்ட் பிரேக், ஆர்கானிக் பேட். முதல் தடவை பறப்பதற்கு முன் ரன்வேயில் பல முறை வேகமாக ஓட்டிப் பழகச் சொல்கிறார்கள் நண்பர்கள். செய்யலாமா ஐயா? பிரேக்கை எப்படிச் சோதிப்பது?

பதில்: மெதுவாக ஓட்டிப் பாருங்கள், வேகமாக வேண்டாம். முதலில் பிரேக்குக்கு வருவோம்.

விமான பிரேக்குக்கு 5606 என்ற சிவப்பு நிற மினரல் ஆயில்தான். காருக்கு ஊற்றும் பிரேக் ஆயில் பட்டால் ரப்பர் சீல்கள் ஊதிக் கெட்டுவிடும். ஆயிலைக் கீழே காலிப்பர் பக்கமிருந்து மேலே ஏற்றுங்கள். காற்றுக்குமிழும் தானாக மேலேறி வெளியே போகும். பெடல் இன்னும் பஞ்சுபோல் அமுங்கினால் உள்ளே காற்று இருக்கிறது. பிறகு ஒருவர் உள்ளே உட்கார்ந்து பெடலை அழுத்திப் பிடிக்கட்டும். நீங்கள் டார்ச்சோடு ஒவ்வொரு இணைப்பையும் பாருங்கள். சிவப்பாகக் கசிந்தால் உடனே தெரியும்.

எஞ்சினை முதன்முதலில் இயக்கும்போது இந்த பிரேக்கை நம்பாதீர்கள். சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, வாலையும் கட்டிவிடுங்கள். பக்கத்தில் தீயணைப்பான் இருக்கட்டும்.

புது பேட் எடுத்த எடுப்பில் பிடிக்காது. சூடாக்கிப் பதப்படுத்த வேண்டும். எஞ்சினை 1,700 சுற்றில் வைத்து, பிரேக்கால் வேகத்தை மணிக்கு 5 முதல் 10 மைலுக்குள் அடக்கியபடி 1,500 அடி ஓட்டுங்கள். 10, 15 நிமிடம் ஆறவிட்டு, நின்ற இடத்திலேயே எஞ்சின் வேகத்தைக் கூட்டிப் பாருங்கள். விமானம் நகர்ந்தால் மறுபடியும் முதலிலிருந்து.

இப்படி பிரேக்கை அழுத்திக்கொண்டே ஓட்டுவது இந்த ஒரு வேலைக்கு மட்டும்தான். உங்கள் விமானத்தின் மூக்குச்சக்கரம் தன்பாட்டுக்குத் திரும்பும் ரகம். மெதுவாகப் போகையில் வலது, இடது பிரேக்கைத் தொட்டுத்தான் திருப்ப வேண்டும். புதியவர்கள் எஞ்சினையும் முடுக்கி, பிரேக்கிலும் காலை வைத்திருப்பார்கள். டிஸ்க் கொதிக்கும், சீல் உருகும், கசிந்த ஆயில் தீப்பிடிக்கவும் செய்யும். குதிகாலைத் தரையில் ஊன்றி வையுங்கள். திருப்பும்போது மட்டும் விரல் நுனி மேலேறட்டும்.

வேக ஓட்டத்துக்கு நான் தயங்கக் காரணம் உண்டு. வேகம் இரண்டு மடங்கானால் பிரேக் தாங்க வேண்டிய சூடு நான்கு மடங்கு. புது எஞ்சினோ தரையில் போதிய காற்றில்லாமல் காயும். பிஸ்டன் ரிங்குகள் சரியாகப் படியாது. போதாததற்கு, நீங்கள் நினைக்காமலே விமானம் எழும்பிவிடலாம். 1974 ஜனவரியில் எஃப்-16 போர் விமானத்தின் முன்மாதிரியை வேக ஓட்டச் சோதனைக்குத்தான் எடுத்துப் போனார்கள். அது பக்கவாட்டில் ஆடத் தொடங்கவே, தேர்ந்த சோதனை விமானி ஒருவர் வேறு வழியின்றிப் பறந்துவிட்டுத் திரும்பினார். உங்களுக்கு அந்த நிலைமை வேண்டாம்.

அவசியம் என்று பட்டால், பறப்பதற்கான சான்றிதழ் கைக்கு வந்தபின், ஸ்டால் வேகத்தில் 80 சதவீதத்தைத் தாண்டாமல் ஓரிரு முறை. திராட்டிலைக் குறைத்து உருளவிட்டு, கடைசியில் பிரேக்கைத் தொடுங்கள். திரும்பியதும் சக்கர உறையைக் கழற்றிக் கசிவு பாருங்கள்.

பழக்கம்தான் வேண்டுமென்றால், ஆர்வி ஓட்டக் கற்றுத்தரும் பயிற்றுநர்கள் அங்கே இருக்கிறார்கள். அவர்கள் விமானத்தில் சில மணி நேரம் பறந்துவிட்டு வாருங்கள்.