ஏரிக்கரையில் என்ன கூட்டம்?

கேள்வி: மே மாதம் ஒஹாயோவில் மகன் வீட்டில் இருப்பேன். ஈரி ஏரிக்கரையில் பறவை பார்க்கக் கூட்டம் அலைமோதுமாமே, ஏன்?
– வாசகி, திருச்சி

பதில்: தெற்கிலிருந்து இரவெல்லாம் பறந்து வரும் வார்ப்ளர் குருவிகள், ஏரியைத் தாண்டுமுன் மகீ மார்ஷ் சதுப்புநில மரங்களில் இறங்கித் தெம்பேற்றிக்கொள்கின்றன. பசி மும்முரத்தில் மனிதரைச் சட்டை செய்வதில்லை. ஆரஞ்சுத் தொண்டை பிளாக்பர்னியன் வார்ப்ளர் கைக்கெட்டும் தூரத்தில் புழு கொத்தும். தெற்குக் காற்றடித்த இரவுக்கு மறுநாள் காலையில் போங்கள். 2019 வரை அமெரிக்காவின் அழிவுநிலைப் பட்டியலில் இருந்த கர்ட்லண்ட் வார்ப்ளர் தென்பட்டால் செய்தி நொடியில் பரவும். சதுப்புநிலத்து மரப்பாலத்தில் நகர இடமிருக்காது! நீங்கள் பார்த்ததையும் இ-பேர்ட் இணையதளத்தில் தேதி, இடம், எண்ணிக்கையோடு பதியுங்கள். 2002 முதல் அப்படிச் சேர்ந்த குறிப்புகள்தான் ஆய்வாளர்களுக்கு வலசை வரைபடமாகின்றன. போனில் பறவைக் குரலை ஒலிக்கவிட்டு, களைத்து வந்த பறவையை மட்டும் அலைக்கழிக்காதீர்கள்.