பரிசோதனைச் சீட்டில் உள்ள எண்



திண்டிவனத்துப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்த ஒரு பெரியவரின் மகன், ஆண்கள் வார்டு வாசலில் என்னை நிறுத்தி இரத்தப் பரிசோதனைச் சீட்டை நீட்டினார். "ஐயா, முப்பத்தேழுக்குள்ள இருக்கணும்னு போட்டிருக்கு. அப்பாவுக்கு நானூறுக்கு மேல இருக்கு. அப்ப இன்னும் எத்தனை நாளுங்க?" இரைப்பைப் புற்றுநோய் ஈரல் வரை பரவிய நிலை. அரைக்காணி மல்லாட்டை நிலத்தை அடமானம் வைத்து வைத்தியம் பார்ப்பதா, அப்பாவை வீட்டுக்குக் கொண்டுபோவதா என்பதை அந்த எண்ணை வைத்தே முடிவுசெய்ய இருந்தார்.

நான் இறையியல் படித்தவன், மருத்துவம் படித்தவனல்ல. நம் டாக்டரிடம் கேட்டறிந்ததையே எழுதுகிறேன்.

சீட்டில் இருந்தது சி.ஏ. 19-9. புற்றுநோய்ச் செல்கள் இரத்தத்தில் கலக்கவிடும் பொருள் இது. 1979இல் அமெரிக்காவில் கோப்ரோவ்ஸ்கி குழுவினர் இதை அறிவித்தனர். இதற்கு மூத்தது சி.இ.ஏ.; 1965இல் கனடாவின் மான்ட்ரியாலில் கோல்டு, ஃப்ரீட்மன் என்ற இருவர் கண்டது. இரண்டுமே முதலில் குடல் புற்றுநோய் ஆராய்ச்சியில் கிடைத்தவை. இரைப்பைக்குப் பிறகுதான் வந்தன.

முற்றிய இரைப்பைப் புற்றுநோயில் இவை மிக உயர்ந்திருந்தால், நோய் ஈரலுக்கோ வயிற்றின் உட்சவ்வுக்கோ பரவியிருக்க வாய்ப்பு அதிகம். பொதுவாக ஆயுளும் குறைவு. இதை மறைத்துப் பயனில்லை. ஆனால் அது பலரைச் சேர்த்துப் பார்த்த கணக்கு. தனி ஒருவருக்கு நாள் குறிக்க அது உதவாது. பித்தநாளம் அடைத்துக் காமாலை கண்டாலே 19-9 ஏறிவிடும். பீடி குடிப்பவருக்கு சி.இ.ஏ. சற்றுக் கூடுதலாக இருக்கும். நூற்றுக்கு 5 முதல் 10 பேருக்குப் பிறவியிலேயே 19-9 உண்டாக்கும் தன்மை கிடையாது. நோய் எவ்வளவு முற்றினாலும் அவர்களுக்கு அந்த எண் ஏறுவதில்லை. விழுப்புரத்து அம்மா ஒருவருக்கு இரண்டு எண்களும் சரியாகவே இருந்தன. வீட்டார் மகிழ்ந்து இனிப்பு வாங்கி வந்தார்கள். ஏழு வாரத்தில் அந்த அம்மாவை அடக்கம் செய்தோம்.

ஒரு சீட்டைவிட இரண்டு சீட்டுகளுக்கு நடுவிலுள்ள மாற்றமே டாக்டருக்கு உதவுகிறது. மருந்து ஏற்றிய சில வாரங்களில் எண் இறங்கினால் மருந்து வேலை செய்கிறது என்பதற்கு அது ஓர் அடையாளம். தொடக்கத்தில் சிலருக்குச் சற்று ஏறிப் பிறகு இறங்குவதும் உண்டு. அதோடு ஸ்கேன் பார்க்கவேண்டும். ஆள் எழுந்து நடமாடுகிறாரா, கஞ்சி இறங்குகிறதா என்றும் பார்க்கவேண்டும். (உடம்புக்கு ஒன்றுமில்லாதவர்கள் 'கேன்சர் டெஸ்ட்' என்று இதற்குப் பணம் கட்டுவது வீண். இரைப்பையில் புற்று உண்டா என்று சொல்வது எண்டோஸ்கோப்பியும் சதைப் பரிசோதனையும்தான்.)

டாக்டர் அந்த மகனை உட்காரவைத்துப் பேசினார். குணமாக்க முடியாது என்பதை ஒளிக்கவில்லை. இந்நிலையில் மருந்தில்லாமல் சராசரியாக 4 மாதம்போல, மருந்தோடு 11 மாதம்போல என்றார். "உங்க அப்பாவுக்கு எவ்வளவுன்னு எனக்குத் தெரியாதுப்பா. ஆறு வாரம் கழிச்சு மறுபடி பாப்போம்."

புதுச்சேரி ஜிப்மருக்கு அனுப்பினோம். நிலம் அடமானத்துக்குப் போகவில்லை. மூன்றாம் தவணைக்குப் பிறகு எண் பாதிக்கும் கீழே வந்தது. மகன் அந்தச் சீட்டை என்னிடம் காட்ட ஓடிவந்தார். பெரியவர் அதைத் திரும்பியும் பார்க்கவில்லை. அன்று இரண்டு இட்லி சாப்பிட்டதைத்தான் என்னிடம் சொன்னார். பதினான்கு மாதம் இருந்தார். அந்த வருஷத்து மல்லாட்டை பிடுங்கும்போது வரப்பில் கட்டில் போட்டுப் படுத்திருந்தாராம்.