வீதி ஆற்றுப்படை

'ஆறு' என்னுஞ் சொல்லுக்கு நதி என்பது ஒரு பொருள். வழி என்பது மற்றொரு பொருள். ஒரு வழியிற் சென்று பயன் பெற்று மீண்டவன், அவ்வழியை அறியாத புதியவனை எதிர்ப்பட்டு, இன்னவாறு செல்க, இன்ன இடத்தில் இடர் உண்டு, இன்ன இடத்தில் இளைப்பாறுக என்று நெறிப்படுத்துவதே ஆற்றுப்படை எனப்படும். பத்துப்பாட்டினுள் ஐந்து பாட்டுக்கள் இவ்வகையின. அவற்றுள் மலைபடுகடாம் வழியிடை நேரும் இடர்களை ஒன்றன்பின் ஒன்றாக எடுத்துரைப்பது. பரிசில் பெறச் சென்ற கூத்தர்க்கு அன்று வேண்டியிருந்த வழிகாட்டல், இன்று மோட்டார் வண்டி செலுத்துவோர்க்கும் வேண்டியதாயிற்று.

எமது கல்லூரியின் நிறைவு விழாவை முன்னிட்டுப் பல நாடுகளிலிருந்தும் பழைய மாணவர் வருகின்றனர். அவருட் பலர் இந்நாட்டிற் பிறந்தவர். ஆயினும் இந்நாட்டில் ஒருநாளேனும் வண்டி செலுத்தாதவர். கிளாலிக் கடலை இரவில் வள்ளத்திற் கடந்து வெளியேறிய ஒருவர், கண்டி வீதியை அதன் இன்றைய நிலையிற் கண்டிருக்க மாட்டார். அவ்வீதி நெடுங்காலம் மூடப்பட்டிருந்து, 2002இல் திறக்கப்பட்டு, 2006 ஆகஸ்டில் மீண்டும் மூடப்பட்டு, 2009இல் யுத்தம் முடிந்த பின்னரே புதுக்கப்பெற்றது. எனவே இவர்கள் தம் மண்ணிலேயே புதியோர். இவர்களையும், புதிதாக அனுமதிப்பத்திரம் பெறும் மேல்வகுப்பு மாணவரையும் கருத்திற் கொண்டே இப்பாடத்தை எழுதுகின்றோம்.

எழுத்து உணர்த்துவது யாது?

இலங்கையின் வீதிகள் ஏ, பீ, சீ, டீ, ஈ என்னும் எழுத்துக்களால் வகுக்கப்பட்டுள்ளன. இவ்வெழுத்தைக் கண்டவுடன், ஏ என்பது மிக விரைந்து செல்லத்தக்க வீதி என்று புதியவர் எண்ணுவர். அஃது அன்று. எழுத்து உணர்த்துவது வீதியின் வேகத்தை அன்று. அதன் தகுதியையும், அதனைப் பேணும் பொறுப்பு யாருடையது என்பதையுமே.

ஏ வகையின பெரும்பட்டினங்களை இணைக்கும் தலைமை வீதிகள். பீ வகையின அவற்றுக்கு அடுத்த முதன்மை வீதிகள். இவ்விரு வகையும் சேர்ந்து ஏறக்குறைய 12,000 கிலோமீற்றர் நீளமுடையன. இவற்றைப் பேணுவது, 1981ஆம் ஆண்டின் 73ஆம் இலக்கச் சட்டத்தின்படி அமைந்த வீதி அபிவிருத்தி அதிகார சபை. சீ, டீ வகையின மாகாணத்தின் பொறுப்பில் உள்ளன. அவற்றின் கீழே மாநகர சபை, நகர சபை, பிரதேச சபை ஆகியவற்றின் வீதிகளும் ஒழுங்கைகளும் வரும். தம் ஊர் வீதியிற் குழி விழுந்தால் எங்கே முறையிடுவது என்று தெரியாமல் எல்லாரையும் ஒருங்கே ஏசுவோர் உளர். வீதி எவ்வகையினது என்று அறிந்தவர் மனுவை உரிய இடத்துக்கு அனுப்புவர். இஃது எமது மாணவர் கற்க வேண்டிய குடியியற் பாடமுமாகும்.

ஈ வகை ஒன்றே அதிவேகப் பாதை. கொட்டாவையிலிருந்து காலிப் பக்கஞ் செல்லும் தெற்கு அதிவேகப் பாதை 2011 நவம்பரில் திறக்கப்பட்டது. கொழும்பு-கட்டுநாயக்கப் பாதை 2013 ஒக்டோபரில் திறக்கப்பட்டது. மத்திய அதிவேகப் பாதையின் மீரிகம-குருநாகல் பகுதி 2022 ஜனவரியில் திறக்கப்பட்டது. இப்பாதைகளிற் பாதசாரிகளுக்கும் துவிச்சக்கர வண்டிக்கும் முச்சக்கர வண்டிக்கும் இடமில்லை. கட்டணஞ் செலுத்தியே செல்லல் வேண்டும். உச்ச வேகம் மணிக்கு 100 கிலோமீற்றர். வடமாகாணத்தில் இவ்வகைப் பாதை ஒன்றேனும் இன்னும் இல்லை.

இங்கேதான் மேனாட்டிலிருந்து வருவோர் மயங்குகின்றனர். இங்கிலாந்தில் 1958 டிசெம்பரிற் பிறெஸ்ரன் நகரப் புறவழி திறக்கப்பட்ட காலந்தொட்டு 'எம்' என்னும் எழுத்துடைய பாதைகள் வளர்ந்தன. கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் 401ஆம் இலக்கப் பெருந்தெரு அத்தகையது. அங்கெல்லாம் பெருந்தெரு என்றால் மோட்டார் வண்டிக்கே உரிய பாதை; குறுக்கே சந்தியில்லை, ஆளில்லை, ஆடுமாடில்லை. எமது ஏ-9 வீதியோ அவ்வாறானதன்று. அது நெடுஞ்சாலை, அதே வேளை ஊர்த்தெருவுமாகும். அதன் ஓரத்திற் பாடசாலை உண்டு, சந்தை உண்டு, கோயில் உண்டு. வீட்டுப் படலையைத் திறந்தால் வீதி. நெல்லை அதன் ஓரத்திற் காயவிடுவோரும் உளர். இவ்வொரு வேற்றுமையை உள்ளத்திற் பதித்துக்கொண்டவர் இப்பாடத்திற் பாதியைக் கற்றவராவர்.

பெயரைப் படிக்கும் முறை

ஒரு வீதியின் பெயரில் முதலில் நிற்கும் ஊரே அதன் தொடக்கம். கொழும்பு-கண்டி வீதி ஏ-1. கண்டி-யாழ்ப்பாண வீதி ஏ-9. கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் வரை அதன் நீளம் ஏறக்குறைய 321 கிலோமீற்றர். தூரக்கற்களின் எண் கண்டியில் தொடங்கி வடக்கு நோக்கி வளரும். யாழ்ப்பாணத்திலிருந்து புறப்படுவோர்க்கு எண் குறைந்துகொண்டே வரும்.

இதற்கு ஓர் அழகிய சான்று எம்மவர் வாய்மொழியிலேயே உண்டு. மைலைக் கட்டை என்பது எமது வழக்கு. கிளிநொச்சியில் 155ஆம் கட்டை என்று ஓரிடம் உளது. எதிலிருந்து 155 என்று மாணவரை வினவினால், பலர் கொழும்பிலிருந்து என்பர். அன்று, கண்டியிலிருந்தே. 155 மைல் என்பது ஏறக்குறைய 250 கிலோமீற்றர். அதனை 321இலிருந்து கழித்தால் யாழ்ப்பாணத்துக்கு ஏறக்குறைய 70 கிலோமீற்றர் எஞ்சும். மைற்கற்கள் நீங்கிக் கிலோமீற்றர் கற்கள் வந்த பின்னும் ஊர்ப்பெயர் பழைய கணக்கைக் காத்து நிற்கின்றது.

இதிலிருந்து மற்றொன்றும் விளங்கும். ஏ-9 கொழும்புக்குச் செல்லும் வீதியன்று. யாழ்ப்பாணத்திலிருந்து அதனை விடாது பற்றிச் செல்பவர் வவுனியா, மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை, மாத்தளை வழியாகக் கண்டியையே அடைவர். கொழும்பு செல்வோர் மதவாச்சிக்குத் தெற்கேயுள்ள ரம்பேவையில் ஏ-20 வீதியிற் திரும்பி அநுராதபுரத்தை அடைதல் வேண்டும். அங்கிருந்து ஏ-28 வழியே பாதெனியவுக்குச் சென்று குருநாகலை அடையலாம். அல்லது ஏ-12 வழியே புத்தளஞ் சென்று, ஏ-3 வழியே கொழும்பை நோக்கலாம். வீதி இலக்கங்களை ஒரு சிறு தாளில் வரிசையாக எழுதி வைத்துக்கொள்வது நலம். கைத்தொலைபேசி வழிகாட்டும் என்பது உண்மையே. ஆயினும் அது மிகக் குறுகிய வழி எனக் காட்டுவது சிலவேளை ஒழுங்கையாகவோ வயல்வெளிப் பாதையாகவோ இருத்தல் கூடும்.

குடாநாட்டைப் பெருநிலத்தோடு இணைக்கும் ஏ வகை வீதிகள் இரண்டே. ஒன்று ஆனையிறவு வழியான ஏ-9. மற்றையது நாவற்குழியிலிருந்து கேரதீவு, சங்குப்பிட்டி, பூநகரி வழியாக மன்னார் செல்லும் ஏ-32. சங்குப்பிட்டிப் பாலம் 2011 ஜனவரியில் திறக்கப்பட்டது. தீவுப்பகுதிக்குச் செல்வோர் பண்ணையிலும் பொன்னாலையிலும் தாம்போதிகளைக் கடப்பர். தாம்போதியில் இருபுறமுங் கடல். காற்றோ பக்கத்திலிருந்து வீசும். மோட்டார்ச் சைக்கிளிற் செல்வோர் அங்கே வேகத்தைக் குறைத்தல் வேண்டும். இன்னும் ஒரு சொல்லைப் புதியவர் அறிக. காரைநகருக்கும் ஊர்காவற்றுறைக்கும் இடையே 'பாதை' உண்டு என்று ஊரவர் கூறின், அது தரைவழியன்று. ஆளையும் வண்டியையும் ஏற்றிக் கடலைக் கடத்தும் மிதவைக்கும் எம்மவர் இட்ட பெயர் பாதை என்பதே.

நேரக் கணக்கு

யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்பு ஏறக்குறைய 400 கிலோமீற்றர். மணிக்கு 100 கிலோமீற்றர் வீதம் ஓடிப் பழகியவர் நான்கு மணித்தியாலம் என்று கணக்கிடுவர். சட்டமோ கார் வண்டிக்கு ஊர்மனைப் பகுதியில் 50, ஏனைய இடங்களில் 70 என எல்லை வகுத்துள்ளது. பட்டினங்களும் சந்திகளும் முன்செல்லும் உழவு இயந்திரங்களும் இடையிடும்போது சராசரி 50 கிடைப்பதே நன்று. ஆகவே எட்டு மணித்தியாலம் என்று கொள்க. நான்கு என்று கணக்கிட்டவர் ஐந்தாவது மணியிற் பதறுவர்; பதற்றம் முந்தத் தூண்டும்; முந்துதல் உயிரைக் கேட்கும். விமானத்துக்குச் செல்வோர் முதல்நாளே புறப்படுதல் அறிவுடைமை.

முறிகண்டிப் பிள்ளையார் கோயிலில் வண்டியை நிறுத்தித் தேங்காய் உடைத்துச் செல்லுதல் சாரதிகளின் நெடுநாள் வழக்கம். பக்தியோடு நன்மையொன்றும் அதில் அடங்கியுள்ளது. சாரதி இறங்குகின்றார், முகம் கழுவுகின்றார், கச்சான் கொறிக்கின்றார், கண்ணுறக்கம் நீங்குகின்றது. நீண்ட நேர்வீதியில் அயர்ந்துறங்கும் ஆபத்தை அறிந்த முன்னோர் நல்லதோர் இடத்திலே தரிப்பை அமைத்தனர் போலும்.

வீதியின் பேசாமொழி

இலங்கையில் இடப்பக்கமாகவே செலுத்தல் வேண்டும். இங்கிலாந்து, அவுஸ்திரேலியா ஆகிய நாடுகளிலிருந்து வருவோர்க்கு இது பழக்கம். கனடா, பிரான்சு, ஜேர்மனி, சுவிற்சலாந்து, நோர்வே ஆகிய நாட்டவர்க்கு இது மாற்றம். சுவீடன் நாடு 1967 செப்ரெம்பர் 3ஆந் திகதி இடத்திலிருந்து வலத்துக்கு மாறியபோது நாடு முழுவதுமே ஆயத்தமாகி ஒரே நாளில் மாறிற்று. விமானத்தில் வந்திறங்குபவரோ தனியொருவராக ஓர் இரவில் மாறவேண்டியிருக்கின்றது. நெரிசல் மிக்க வீதியில் முன்செல்லும் வண்டியே வழிகாட்டும். தவறு நேர்வது பெரும்பாலும் வெறுமையான வீதியில், விடியற்காலையில், படலையைக் கடந்து திரும்பும் முதற் கணத்திலேயே. அக்கணத்தில் 'இடம்' என்று வாய்விட்டுச் சொல்லிக்கொள்ளுதல் நன்று. சுற்றுவட்டத்தில் வலப்புறமிருந்து வருவோர்க்கு முதலிடம் கொடுத்தல் வேண்டும்.

முன்விளக்கைச் சிமிட்டுதல் இங்கிலாந்தில் 'நீர் செல்க' என்று வழிவிடும் குறிப்பாகப் பல வேளையிற் கொள்ளப்படும். இங்கோ அதன் பொருள் 'நான் வருகின்றேன், நில்லும்' என்பதே. ஒரே குறிக்கு இரு நாட்டில் இரு மாறான பொருள். இதனை அறியாதவர் எதிர்வரும் பேருந்தின் வெளிச்சத்தை அழைப்பாகக் கொண்டு குறுக்கே திரும்புவாராயின் விளைவை நாம் விரித்துரைக்க வேண்டுவதில்லை. ஒலியெழுப்புதலும் அத்தகையதே, அது பெரும்பாலும் ஏச்சன்று, 'பக்கத்தில் வருகின்றேன்' என்னும் அறிவிப்பு.

புகையிரதக் கடவைகளைத் தனியே குறிப்பிடுதல் எமது கடமை. வடபகுதிப் புகையிரதம் 2014 ஒக்டோபரில் மீண்டும் யாழ்ப்பாணத்தை அடைந்தது. தண்டவாளம் பல இடங்களில் கண்டி வீதிக்கு மிக அண்மையிற் செல்கின்றது. ஆகவே கிளைவீதியில் திரும்பியவுடன் கடவை எதிர்ப்படும். எல்லாக் கடவைக்கும் படலையுங் காவலாளியும் இல்லை. கண்ணாடியைத் தாழ்த்தி, வானொலியை நிறுத்தி, இருபுறமும் பார்த்துச் செல்க. மாலை மயங்கிய பின் வன்னிப் பகுதியில் மாடுகள் வீதியிற் படுத்திருக்கும். காட்டுப் பகுதிகளில் யானையும் குறுக்கிடல் கூடும். குடாநாட்டு ஒழுங்கை முகப்புக்களில் மதிலும் வேலியும் பார்வையை மறைக்கும். அங்கிருந்து துவிச்சக்கர வண்டியில் வெளிவருவது பெரும்பாலும் ஒரு பள்ளிப் பிள்ளை.

உரிமப் பத்திரத்தைப் பற்றியும் ஒரு சொல். வெளிநாட்டு அனுமதிப்பத்திரம் மட்டும் இங்கே போதாது. சர்வதேச அனுமதிப்பத்திரத்துக்கு இலங்கை ஓட்டோமொபைல் சங்கத்தின் ஒப்புதல் பெறுதல் வேண்டும்; அன்றேல் மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்திலே தற்காலிக அனுமதிப்பத்திரம் பெறுதல் வேண்டும். வெளிநாட்டுப் பயணிகளுக்கென 2025 ஆகஸ்டிற் கட்டுநாயக்க விமான நிலையத்திலேயே இதற்குரிய கருமபீடம் திறக்கப்பட்டது.

முடிவாக ஒன்று கூறுவோம். வீதியைப் பேணும் பொறுப்பு அரசினுடையதாகலாம், மாகாணத்தினுடையதாகலாம், பிரதேச சபையினுடையதாகலாம். ஆயினும் அதன் ஓரத்தில் நடந்து செல்லும் முதியவளுக்கும், புத்தகப் பையுடன் கடக்கும் பிள்ளைக்கும், மந்தையை ஓட்டிவரும் இடையனுக்கும் அவ்வீதியில் உள்ள உரிமை, மோட்டார் வண்டிக்குள் இருப்பவர் உரிமையிற் குறைந்ததன்று. ஏ என்னும் எழுத்தைக் கண்டு விரையாது, எதிர்ப்படும் உயிரைக் கண்டு தணிபவரே இந்நாட்டின் வீதியைப் படிக்கக் கற்றவர். இளைய மாணவர்கள், விழாவுக்கு வந்த மாமன்மாரோடும் சித்தப்பன்மாரோடும் வண்டியில் முன்னிருந்து செல்லும்போது பலகையைப் படித்து, இலக்கத்தைச் சொல்லி, வேகம் மிகுமிடத்துப் பணிவோடு நினைவூட்டுவாராக. விழாவுக்கு வந்தோர் யாவரும் நலமே வந்து நலமே மீள்க.