பயம் வரும்போது கைகொடுக்கும் ஜெபக் குறிப்புகள்

பயம் சொல்லிக்கொண்டு வருவதில்லை, தோழிகளே! நாளைய இட்லிக்கு இன்றே மாவு அரைத்து வைக்கிற மாதிரி, மனசு அமைதியாக இருக்கும்போதே ஜெபத்தையும் தயார் செய்து வைத்துவிட்டால், அந்த நேரத்தில் தடுமாற வேண்டியதில்லை.

1. நடுராத்திரியில் விழிப்பு வந்து நெஞ்சு படபடத்தால் செல்போனைத் தொடாதீர்கள்; தெரிந்த சங்கீதத்தை மெல்லச் சொல்லுங்கள். சங்கீதம் 4, 121 இரண்டும் எட்டெட்டு வசனம்தான். பாத்திரம் கழுவும்போது நாளுக்கு ஒரு வசனம் சொல்லிப் பழகினால் 16 நாளில் இரண்டும் மனப்பாடம். விளக்கைப் போட்டு வீட்டில் எல்லோரையும் எழுப்பவும் வேண்டாம்.

2. ஸ்கேன் ரிப்போர்ட்டுக்காகக் காத்திருக்கும்போது நீளமாக ஜெபிக்க வராது. தண்ணீரில் அமிழ்ந்த பேதுரு ஒரே ஒரு வரியில்தான் கூப்பிட்டார்; இயேசு உடனே கையைப் பிடித்தார் (மத்தேயு 14). உங்களுக்கென்று இப்படி ஒரு சின்ன வரியை இப்போதே முடிவு செய்து வையுங்கள். மூச்சை மெதுவாக விடும்போது அதைச் சொன்னால் படபடப்பும் தணியும்.

3. "என்னமோ பயமா இருக்கு" என்று பொதுவாக ஜெபிப்பதைவிட, எதற்குப் பயம் என்று பெயர் சொல்லி ஜெபியுங்கள். பழைய டைரியின் மிச்சப் பக்கங்களே இதற்குப் போதும்: இடப்பக்கம் தேதியும் பயமும், "வாடகை பாக்கி", "மகளின் பிரசவம்" என்று, வலப்பக்கத்தைக் காலியாக விடுங்கள். காரியம் முடிந்ததும் என்ன ஆயிற்று என்று அங்கே எழுதி ஸ்தோத்திரம் சொல்லுங்கள். ஆறு மாதம் கழித்துப் புரட்டிப் பார்த்தால், நடக்காமலே போன பயங்கள்தான் அதிகம் இருக்கும்.

4. புதுவருஷ ஆராதனையில் கிடைத்த வாக்குத்தத்த அட்டை வேதாகமத்துக்குள்ளேயே கிடக்கிறதா? அகல செலோ டேப்பை இரண்டு பக்கமும் ஒட்டி, அடுப்படி அலமாரிக் கதவின் உள்பக்கம் மாட்டுங்கள். எண்ணெய்ப் பிசுக்கு பட்டாலும் துடைத்துக்கொள்ளலாம்.

5. பயப்படுவதே விசுவாசக் குறைவு என்று உங்களை நீங்களே வதைக்காதீர்கள். 56-ஆம் சங்கீதம், பெலிஸ்தர் தாவீதைப் பிடித்தபோது பாடியது என்று அதன் தலைப்பிலேயே இருக்கிறது.  "நான் பயப்படேன்" என்று சொல்வதற்கு முன்னாலேயே, பயப்படுகிற நாளில் உம்மை நம்புவேன் என்கிறார் தாவீது.

6. வெறும் வயிற்றில் பயம் இரட்டிப்பாகத் தெரியும். யேசபேலுக்குப் பயந்து ஓடிய எலியா சாக வேண்டும் என்றே கேட்டார். தேவதூதன் அவருக்குப் பிரசங்கம் பண்ணவில்லை. சுட்ட அடையும் தண்ணீரும் வைத்து, இரண்டு தடவை எழுப்பிச் சாப்பிடச் சொன்னான், நடுவிலே தூங்கவும் விட்டான் (1 இராஜாக்கள் 19). நீங்களும் முதலில் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு முழங்கால் போடுங்கள்.

7. இருட்டுக்குப் பயப்படுகிற பிள்ளைக்கு நீங்களே ஜெபித்து முடித்துவிடாமல், அது தன் மழலையில் ஒரு வரி சொல்லட்டும். சாப்பாடு ஊட்டப் பூச்சாண்டியைக் கூப்பிடும் வழக்கத்தை அன்றோடு விட்டுவிடுங்கள்.

8. பயத்தைத் தனியாக அடைகாக்காதீர்கள். கெத்செமனேயில் இயேசுவே மூன்று சீஷரைத் தம்மோடு விழித்திருக்கச் சொன்னார். சபையில் வாய் பொத்தி வைக்கத் தெரிந்த ஒரு அக்காவிடம் சொல்லி, தினமும் ஐந்து நிமிஷம் போனிலேயே சேர்ந்து ஜெபியுங்கள்.

9. பயத்தைப் போக்க விசேஷ ஜெபம் என்று யாராவது தொகை கேட்டால் கொடுக்காதீர்கள். இலவசமாய்ப் பெற்றதை இலவசமாய்க் கொடுக்கச் சொல்லியிருக்கிறார் ஆண்டவர் (மத்தேயு 10). அந்தப் பணம் வீட்டுச் செலவுக்கு ஆகும்.

10. வாரக்கணக்கில் தூக்கமில்லை, திடீர் திடீரென்று மூச்சு முட்டுகிறது என்றால் ஜெபத்தோடு டாக்டரையும் பாருங்கள். பவுலோடு இருந்த லூக்காவே வைத்தியர்தான். மத்திய அரசின் மனநல ஆலோசனைச் சேவையான டெலி மானஸ் எண் 14416. இரவு பகல் எந்நேரமும் இலவசமாகப் பேசலாம், தமிழிலும் பேசுவார்கள். இப்போதே போனில் பதிந்து வைத்துக்கொள்ளுங்கள்.