கூட்டுக்கு முன்னால் ஒரு கேமரா

அன்புள்ள இளம் ஒளிப்படக் கலைஞருக்கு,

காட்டுயிர் ஒளிப்படத்தையே பிழைப்பாகக் கொள்ளப் போகிறீர்கள். எந்த லென்ஸ் வாங்குவது என்பதைக் கடைக்காரரே சொல்லிவிடுவார். நான் சொல்ல வருவது ஒன்றுதான்: இந்தத் தொழிலில் உங்கள் கைமுதல் நம்பகம். லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் நடத்தும் காட்டுயிர் ஒளிப்படப் போட்டியில், 2009ஆம் ஆண்டின் முதல் பரிசு வேலிக்கதவைத் தாண்டிப் பாயும் ஓநாயின் படத்துக்குக் கிடைத்தது. அது பழக்கிய ஓநாயாக இருக்கவே வாய்ப்பு அதிகம் என நடுவர்கள் முடிவு செய்ததும், 2010 ஜனவரியில் பரிசு பறிபோனது. எடுத்தவர் மறுத்தும் முடிவு மாறவில்லை. படத்தில் ஒரு புள்ளிகூடக் கலையவில்லை. அதை நம்பிய கண்கள்தான் விலகிக்கொண்டன.

நம் நாட்டுச் சட்டம் இன்னும் கறாரானது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், காட்டுப் பறவையின் முட்டையையோ கூட்டையோ தொந்தரவு செய்வதையும் ‘வேட்டை’ என்ற சொல்லுக்குள்ளேயே வைக்கிறது. இது மிகையல்ல. படம் தெளிவாக விழ வேண்டுமென்று நீங்கள் ஒடிக்கும் சிறு கிளைதான் குஞ்சுக்கு நிழல். காக்கையின் கண்ணிலிருந்து அதை மறைத்த திரையும் அதுவே. நீங்கள் அருகில் நிற்கும்வரை தாய்ப்பறவை திரும்பாது. வெயிலில் முட்டை கெடும். பறவையின் குரலைப் பதிவிலிருந்து ஒலிக்கவிட்டால், எதிரி நுழைந்துவிட்டதாக எண்ணி அது இரை தேடுவதை விட்டுவிட்டு அலையும்.

‘ஒருவன் எடுப்பதால் என்ன வந்துவிடும்?’ என்பீர்கள். கூடு இருக்கும் இடம் ஒருவரோடு நிற்பதில்லை. மறுநாளே பத்துப் பேர் வருவார்கள். ‘நல்ல படம் காட்டைக் காக்க உதவுமே’ என்றும் கேட்கலாம். உதவும், அது சாட்சியாக நிற்கும்வரை. ஜோடித்த சாட்சி வழக்கையே கெடுத்துவிடும். ‘வயிற்றுப்பாடு?’ என்பது நியாயமான கேள்வி. அதனால்தான் தொடக்க ஆண்டுகளில் வேறொரு வருமானத்தை விட்டுவிடாதீர்கள் என்கிறேன். வாடகை கட்டும் அவசரமும் கிளையை ஒடிக்க வைக்கும்.

குறுக்குவழி இல்லாமல் படம் கிடைக்குமா என்ற ஐயத்துக்கு மா. கிருஷ்ணனின் (1912–1996) வாழ்க்கையே பதில். பல கருவிகளின் பாகங்களைச் சேர்த்துத் தாமே அமைத்துக்கொண்ட கேமராவில், கருப்பு வெள்ளையில், யானைகளைப் படமெடுத்தவர் அவர். 1950 முதல் இறக்கும்வரை இயற்கை பற்றி நாளிதழில் பத்தி எழுதினார். விலங்கை அறிந்தவருக்கு அது அடுத்து என்ன செய்யும் என்று தெரியும், துரத்த வேண்டியதில்லை. ஆகவே முதலில் உங்கள் ஊர்க் கண்மாய் ஒன்றை ஓராண்டு முழுக்கப் பாருங்கள், தேதியிட்டுக் குறிப்பெடுங்கள். அங்கே ஒரு கூடு கண்ணில் பட்டால், இடத்தை யாரிடமும் சொல்லாமல் திரும்பிவிடுங்கள்.